ஈரல் சாசேஜ் வாங்கும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள்

ஜெர்மனியில் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் ஈரல் சாசேஜ்தான் லேபர்வுர்ஸ்ட். அதை அமெரிக்கச் சரக்கோடு ஒப்பிட நினைத்தால், பெயரிலேயே ஏமாறலாம். அமெரிக்கக் கடையில் பிரவுன்ஷ்வைகர் என்றால் ஈரல் சாசேஜ். ஜெர்மனியில் அதே பெயரில் பெரும்பாலும் கிடைப்பது ஈரலே சேராத மெட்வுர்ஸ்ட் என்ற இறைச்சி சாசேஜ்!

சரி, லேபிளைத் திருப்புங்கள். அமெரிக்க விதிப்படி ஈரல் குறைந்தது 30 சதவீதம் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலோ, பெயரில் வரும் பொருளின் சதவீதத்தையே அச்சிட வேண்டும். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். கையில் இருப்பதில் எவ்வளவு ஈரல் என்று நேராகத் தெரிந்துவிடும். கால்ப்ஃப்ளைஷ் லேபர்வுர்ஸ்ட் என்று போட்டிருந்தால் கன்றின் இறைச்சி உண்டு, ஈரல் பெரும்பாலும் பன்றியுடையது.

அப்புறம், கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம்.