கம்யூனிட்டி காலேஜில் கிளாஸ்களைத் தேர்ந்தெடுக்கும்போது மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் (இரண்டு வருடப் படிப்புக்கான அரசுக் கல்லூரிகள்) இருக்கின்றன. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் கிரெடிட் அளவு) 46 டாலர்தான் கட்டணம். இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டு யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அல்லது கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) கேம்பஸுக்கு மாறிக்கொள்ளலாம் என்பது சான் பிரான்சிஸ்கோ பே ஏரியா தமிழ்க் குடும்பங்களுக்கும் தெரிந்த வழிதான். விலை மலிவு என்பதாலோ என்னவோ, "இப்போதைக்கு எதையாவது எடுத்து வை, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஆரம்பிக்கிறார்கள். பெரும்பாலான சிக்கல்களின் வேர் இந்த "அப்புறம்"தான்.

யூசிக்கு மாறுவதற்கான விண்ணப்பத்தை அக்டோபர், நவம்பர் மாதங்களில் அனுப்ப வேண்டும். ஆகஸ்டில் காலேஜ் சேர்ந்த மாணவர் அடுத்த ஆண்டு அக்டோபரில் விண்ணப்பிக்கும்போது அவர் கையில் இருப்பது முதல் ஃபால் (இலையுதிர்கால) செமஸ்டர், முதல் ஸ்ப்ரிங் (வசந்தகால) செமஸ்டர், ஒரு கோடை, இவற்றின் மதிப்பெண்கள் மட்டுமே. மூன்றாவது செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும். நான்காவது இன்னும் திட்டம்தான். அதாவது, விண்ணப்பத்தைப் படிப்பவர் மதிப்பெண்ணாகப் பார்ப்பது ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பை. "முதல் செமஸ்டர் சும்மா பழகிப் பார்க்கட்டும்" என்று லேசான நான்கு கிளாஸ் எடுத்துக் கொடுக்கும் பெற்றோர், அந்த ஒரு வருடத்தில் பாதியைச் செலவழித்துவிடுகிறார்கள்.

கணக்கு, இயற்பியல் வேண்டிய மேஜர்களில் (முதன்மைப் பாடப்பிரிவுகளில்) இது இன்னும் கடுமை. கால்குலஸ் ஒன்று முடித்தால்தான் இரண்டு, இரண்டு முடித்தால்தான் மூன்று. கால்குலஸ் சார்ந்த இயற்பியலும் அந்த வரிசையையே பிடித்துக்கொண்டு நகரும். முதல் ஃபாலில் கணக்கு எடுக்காமல் விட்டால் அந்தச் சங்கிலி முழுவதும் ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும். எல்லா மேஜருக்கும் பொதுவான பொதுக்கல்விப் பாடங்களை முதலில் முடித்துவிட்டு மேஜர் பாடங்களைப் பிறகு பார்க்கலாம் என்பது வரலாறு, சமூகவியல் மாணவருக்குச் சரிவரலாம். கம்ப்யூட்டர் சயன்ஸ், எஞ்சினியரிங் மாணவருக்கு அது தலைகீழ். மேஜருக்கான பாடங்கள் முதலில், பொதுக்கல்வி இடைவெளிகளில்.

எந்தப் பாடம் எங்கே செல்லுபடியாகும் என்பதைச் சீனியர் சொன்ன பட்டியலை வைத்து முடிவு செய்யாதீர்கள். அசிஸ்ட் என்ற மாநில இணையதளத்தில் உங்கள் காலேஜ், போக நினைக்கும் கேம்பஸ், மேஜர் மூன்றையும் தேர்ந்தெடுத்தால் எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று வரிக்கு வரி காட்டும். ஒரே மேஜருக்கு யூசி டேவிஸ் கேட்பதும் யூசி சான் டியாகோ கேட்பதும் ஒன்றாக இருக்காது. குறைந்தது மூன்று கேம்பஸ் பார்த்து, பொதுவாக வருவதை முதலில் எடுப்பது நல்லது. பழைய பட்டியலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2025 ஃபாலிலிருந்து புதிதாகச் சேருபவர்களுக்குப் பொதுக்கல்விக்கான விதித்தொகுப்பு கால்ஜெட்க். அதற்கு முன்பிருந்த ஐஜெட்க் பட்டியலை வைத்து அண்ணன் படித்தான் என்பதற்காகத் தம்பியும் அப்படியே எடுக்க முடியாது.

யூசியில் இடத்தை உறுதி செய்யும் டாக் என்ற உத்தரவாத ஒப்பந்தம் பற்றியும் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பார்கள். டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூசிக்களில் ஒன்றே ஒன்றுக்கு அதைக் கேட்கலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ அதில் இல்லை. விண்ணப்பம் செப்டம்பர் மாதம் மட்டும். கம்ப்யூட்டர் சயன்ஸ், எஞ்சினியரிங் மாதிரி கூட்டம் மொய்க்கும் மேஜர்களுக்குச் சில கேம்பஸ்களில் டாக்கே கிடையாது. யூசி விண்ணப்பத்தோடு சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று நவம்பருக்குத் தள்ளியவர்கள் அதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

இனி கவுன்சலர், அதாவது காலேஜின் பாட ஆலோசகர். ரெஜிஸ்ட்ரேஷன் திறப்பதற்கு முந்தைய வாரம் போய் நின்றால் வரிசையில் காத்திருந்து அவசர அவசரமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் பேசிவிட்டு வருவீர்கள். செமஸ்டர் நடுவில், யாருக்கும் அவசரமில்லாத வாரங்களில், முழு நேர அப்பாயின்ட்மென்ட் எடுங்கள். போகும்போது அசிஸ்ட் அறிக்கை, ஏபி (ஹைஸ்கூலில் எழுதும் காலேஜ் நிலைத் தேர்வு) மதிப்பெண்கள், வேறு காலேஜில் எடுத்த பாடங்களின் பட்டியல் மூன்றும் கையில் இருக்கட்டும். "நான் என்ன எடுக்கட்டும்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். நான்கு செமஸ்டருக்கும் நீங்களே ஒரு வரைவு போட்டுக்கொண்டு போய், "இதில் எது இடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சின் தரமே மாறிவிடும். இந்தப் பாடம் ஸ்ப்ரிங்கில் மட்டும்தான் நடக்கும், அது போன வருடம் ஆள் சேராமல் ரத்தானது என்பது மாதிரி, எந்த இணையதளத்திலும் இல்லாத தகவல் அப்போதுதான் வெளியே வரும்.

பேசியதை வாய்வார்த்தையாக விடாமல் கல்வித் திட்டமாகக் காலேஜ் கணினியில் பதியச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறு கவுன்சலர் இருப்பார். அது மட்டுமல்ல, ஓரியன்டேஷன் முடித்து, இந்தத் திட்டமும் பதிவானவர்களுக்குத்தான் முன்னுரிமை ரெஜிஸ்ட்ரேஷன் தேதி. இவற்றை முடிக்காதவர்கள் பின்னால் வருவார்கள், கிளாஸ் நிறைந்த பிறகு.

ரெஜிஸ்ட்ரேஷன் காலையில் நடப்பது தட்கல் டிக்கெட் எடுப்பது போலத்தான். முன் வேலை முடிந்தவருக்கே இடம். ஃப்ரீமான்ட் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். ஏபி கால்குலஸில் ஐந்து வாங்கியவள், நேராகக் கால்குலஸ் இரண்டு எடுக்கத் தகுதியானவள். தன் நேரம் வந்ததும் பட்டனை அழுத்துகிறாள். சிவப்பு எழுத்தில் ஒரு வரி: முன்தேவைப் பாடம் நிறைவாகவில்லை. மதிப்பெண் காலேஜுக்குப் போயிருக்கிறது. ஆனால் அதை வைத்து முன்தேவையை நீக்கச் சொல்லும் படிவத்தை யாரும் கொடுக்கவில்லை. இன்று கொடுத்தால் பார்த்து முடிக்கச் சில நாள் ஆகும். அதற்குள் காலை நேர வகுப்புகள் எல்லாம் போய்விடும். ஹைஸ்கூலில் எடுத்தது, பக்கத்துக் காலேஜில் எடுத்தது எல்லாவற்றுக்கும் இதே கதை. கட்டாத பழைய கட்டணம், நூலகப் பாக்கி என்று கணக்கில் ஏதேனும் ஹோல்டு இருந்தாலும் அதே சிவப்பு வரிதான். உங்கள் தேதிக்கு ஒரு வாரம் முன்பே காலேஜ் இணையக் கணக்கின் உள்ளே போய்ப் பாருங்கள்.

வெயிட்லிஸ்டில் சேர்ந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் தூங்கவும் கூடாது. இடம் வந்தால் பல காலேஜ்களில் ஈமெயில் வரும். குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். செமஸ்டர் தொடங்கிய பிறகு ஆசிரியர் தரும் ஆட் கோட் (கிளாஸில் சேர்ந்துகொள்வதற்கான குறியீடு) தான் வழி; அதனால் முதல் வகுப்புக்கு நேரில் போய் உட்காருங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: பதிவு செய்துவிட்டு முதல் நாள் வராதவரை ஆசிரியர் நீக்கலாம். ஆன்லைன் கிளாஸ்களில் இது இன்னும் வேகம். நிதியுதவிப் பணத்துக்காகப் போலிப் பெயர்களில் சேரும் மோசடி பெருகியதால், முதல் வாரத்து அறிமுகப் பதிவைப் போடாதவரை உடனே எடுத்துவிடுகிறார்கள்.

கிளாஸ் சரிப்படவில்லை என்றால் விடுவதில் தப்பில்லை. தேதி தெரியாமல் விடுவதில்தான் தப்பு. பணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதி ஒன்று, டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) டபிள்யூ (பாடத்தை விட்டு விலகியதைக் காட்டும் குறி) விழாமல் விடும் தேதி ஒன்று, டபிள்யூவோடு விடும் தேதி ஒன்று. வழக்கமான செமஸ்டரில் பணத்துக்கு முதல் இரண்டு வாரம். ஆறு வாரக் கோடைக் கிளாஸில் பத்து சதவீதக் காலம்தான், அதாவது சில நாள். தானே நின்றுவிட்டால் காலேஜே நீக்கிவிடும் என்று நம்பி இருந்தவர்களுக்கு எஃப் விழுந்திருக்கிறது. டபிள்யூவும் ஒரு முயற்சியாகவே எண்ணப்படும். ஒரே பாடத்துக்குப் பொதுவாக மூன்று முயற்சிதான்.

ஒரு காலேஜில் இடம் கிடைக்காமல் இன்னொன்றில் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பே ஏரியா காலேஜ்களில் டி ஆன்சா, ஃபுட்ஹில் இரண்டும் குவார்ட்டர் முறை (செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள்). ஓலோனி, மிஷன் எல்லாம் செமஸ்டர். டி ஆன்சாவில் நான்கு குவார்ட்டரில் நடக்கும் கால்குலஸ் வரிசையைச் செமஸ்டர் காலேஜ்கள் மூன்று செமஸ்டரில் முடிக்கும். கால்குலஸை ஆரம்பித்த இடத்திலேயே முடியுங்கள்; நடுவில் மாறினால் ஒரு பகுதி இரண்டு முறை வரும், இன்னொன்று விட்டுப்போகும். பொதுக்கல்விப் பாடத்தை எங்கே எடுத்தாலும் இந்தத் தொல்லை இல்லை.

விசாவும் இதில் நுழைகிறது. எஃப்-1 (மாணவர் விசா) மாணவர் செமஸ்டருக்கு 12 யூனிட் வைத்திருக்க வேண்டும்; அந்தக் கணக்கில் ஆன்லைன் கிளாஸ் ஒன்று, அதாவது மூன்று யூனிட் வரைதான் சேரும். ஒரு கிளாஸை விடுவதற்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள், விட்ட பிறகு அல்ல. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து வந்த ஹெச்-4 பிள்ளைகள் நிலை வேறு. குடும்பம் கலிஃபோர்னியாவில் ஒரு வருடத்துக்கு மேல் குடியிருந்து ஆவணம் காட்ட முடிந்தால் அவர்கள் மாநிலவாசிக் கட்டணம் கேட்க வழியிருக்கிறது. விண்ணப்பத்தில் ஏதோ ஒரு கட்டத்தைத் தவறாகத் தட்டிவிட்டு, பல மடங்கு வெளிமாநிலக் கட்டணத்தைப் பேசாமல் கட்டுபவர்களும் உண்டு. அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் மறுபரிசீலனை கேளுங்கள். செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே.

ஹைஸ்கூலில் இருக்கும்போதே காலேஜ் பாடம் எடுக்க வைக்கும் ஆசை நம்மவர்களுக்கு அதிகம். நல்ல வாய்ப்புதான். ஆனால் பத்தாம் வகுப்பில் வாங்கிய சி அந்தப் பிள்ளையின் காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரம். பின்னால் விண்ணப்பிக்கும்போது அதையும் காட்டியாக வேண்டும்.

கடைசியாகப் பெற்றோருக்கு. காலேஜில் சேர்ந்த பிறகு, பிள்ளைக்குப் பதினாறு வயதென்றாலும், மாணவர் பதிவுகளின் ரகசியத்தைக் காக்கும் ஃபெர்பா சட்டப்படி காலேஜ் பதிவுகளின் உரிமை பிள்ளையுடையது. "நான் அவனோட அப்பா பேசறேன்" என்று போன் போட்டால், அவன் எழுதிக் கொடுத்த அனுமதி இல்லாமல் அலுவலகம் மதிப்பெண்ணைச் சொல்லாது. அது மரியாதைக் குறைவும் இல்லை. அனுமதிப் படிவம் கொடுக்கலாம், கொடுங்கள். ஆனால் விண்ணப்பத்தில் உங்கள் ஈமெயிலைப் போடாதீர்கள். ஆபீஸ் மீட்டிங் முடிந்து நீங்கள் இன்பாக்ஸைத் திறக்கும் மாலைக்குள், வெயிட்லிஸ்டில் வந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போயிருக்கும்.