கணேச பஞ்சரத்னம்: பாடம் பண்ணுவோர் தவிர்க்க வேண்டியவை

திருக்கார்த்திகை முடிந்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. அன்று இழை எடுப்பதற்குள் (நூலிழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி விழுங்கும் சடங்கு), ஆதிசங்கரர் அருளியதாக வழங்கும் கணேச பஞ்சரத்னம் என்ற வடமொழித் துதியை மனப்பாடம் பண்ணிவிட வேண்டும் என்று காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பட்டாலைக்கு (கூடத்துக்கு) சிலர் வருவார்கள். எங்கள் ஆசிரியர் அந்த நாளில் எங்களிடம் திருத்திய பிழைகளே இவர்கள் வாயிலும் வருகின்றன. ககர, சகர ஒலிகள் மாறுவது பழகப் பழகச் சரியாகிவிடும், அதை விடுகிறேன்.

நெடிலைக் குறுக்குவது

முதல் பாட்டின் கடைசி அடி "நதாசுபாசு நாசகம்" என்று தொடங்கும். பலரும் "நத சுபாசு நாசகம்" என்கிறார்கள். நத, அசுப, ஆசு, நாசகம் என்று பிரித்துப் பாருங்கள்: வணங்கியவர்களின் தீமையை விரைந்து அழிப்பவர். 'நத'வும் 'அசுப'வும் சேரும் இடத்தில் பிறப்பதுதான் அந்தத் 'தா'. அதைக் குறிலாக்கினால் 'அ' தொலைந்து 'சுப' மட்டும் நிற்கும். வணங்கியவர்களின் நன்மையை அழிப்பவர் என்று பிள்ளையாரையே பார்த்துச் சொன்னதாகிவிடும்!

ஓர் அறுபதாம் சாந்தியில் கொடுத்த சிறு புத்தகத்தில் இது அப்படியே அச்சாகியிருந்தது. தம்பதியை உட்காரவைத்து, முகப்பு நிறைய இருந்த உறவினர் அதைப் பார்த்து ஒரே குரலில் படித்தார்கள். எனக்குப் பதறியது. பக்கத்திலிருந்த ஆச்சி, "பிள்ளையாருக்குத் தெரியாதா ஆத்தா, விடு" என்றார். பிள்ளையாருக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தை வைத்துப் படிக்கப்போகும் பேரப்பிள்ளைகளுக்கு யார் சொல்வது? இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

காதே இதைப் பிடித்துவிடும். பாட்டு பஞ்சசாமரம் என்ற வடமொழி யாப்பில் அமைந்தது. அடிக்கு 16 அசை, லகுவும் (குறுகிய அசை) குருவும் (நீண்ட அசை) மாறி மாறி வரும். ந-தா-சு-பா-சு-நா-ச-கம் என்று கைதட்டிச் சொல்லுங்கள். 'தா'வைக் குறுக்கினால் மூன்று லகு அடுத்தடுத்து விழுந்து நடை இடறும்.

கண்ட இடத்தில் மூச்சு விடுவது

"விநாசிதேப தைத்யகம்" என்பதை "விநாசி, தேப தைத்யகம்" என்று உடைத்துவிட்டு, தேபன் எந்த அசுரன் என்று கேட்டார் ஒருவர். அப்படி யாரும் இல்லை. விநாசித, இப தைத்யகம்: யானை அசுரனை அழித்தவர். இபம் யானை என்பது தமிழ் அகராதியிலும் உண்டு. "அநாயகைக நாயகம்" என்பதும் இப்படித்தான் உடைபடுகிறது. தனக்குமேல் தலைவர் இல்லாத ஒரே தலைவர் என்பது பொருள். அடி முடியும்வரை மூச்சை அடக்குங்கள்.

மெட்டு

சொல் நிலைத்த பிறகு.

பலனை மட்டும் படிப்பது

ரத்தினம் ஐந்துதான், ஆறாவது பலன் சொல்லும் பாட்டு. நோயின்மை, நன்மக்கள், நீண்ட ஆயுள் எல்லாம் அதில் வருகின்றன. யாருக்கு என்பதும் அதிலேயே இருக்கிறது: பக்தியோடு, நாள்தோறும், காலையில், நெஞ்சில் கணேசரை நினைத்துச் சொல்பவருக்கு. நோன்பன்று மட்டும் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேகம்

வேண்டாம். பிள்ளையார்பட்டியில் வரிசை தள்ளினால் கற்பக விநாயகர் முன்னால் ஒரு பாட்டை முழுமையாகச் சொல்லுங்கள். மற்றவற்றைப் பிரகாரம் சுற்றும்போது சொல்லிக்கொள்ளலாம்.