தூண்டில் ராடில் ஒட்டிய பழைய கைப்பிடியைக் கழற்றிய விதம்

கார்க் ஆனாலும் ஈவிஏ ஃபோம் (ரப்பர் மாதிரி மெத்தென்ற பொருள்) ஆனாலும் எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து போடும் கெட்டிப் பசை) போட்டு ஒட்டிய பிடியை முழுசாக உருவ முடியாது. முறுக்கிப் பிடுங்கினால் கார்பன் கம்பே விரிசல் விடும். கட்டர் பிளேடைக் கம்போடு படுக்க வைத்து, பென்சில் சீவுவதுபோல் நீளவாக்கில் மெல்லிசாகச் சீவினேன். குறுக்கே வெட்டவே கூடாது. கம்பின் கார்பன் இழையில் விழும் சின்னக் கீறல்கூடப் பெரிய மீன் இழுக்கும்போது முறியும் இடமாகிவிடும். கடைசி 2 மி.மீ. வந்ததும் பிளேடுக்கு வேலையில்லை, 120 நம்பர் உப்புத்தாள்தான்.

மிச்சப் பசைக்கு ஹேர் டிரையர் போதும். சூட்டில் எபாக்ஸி இளகும், பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டலாம். ஹீட் கன் வேண்டாம்: கம்பின் இழைகளைப் பிணைத்திருக்கும் ரெசினும் சூட்டில் கெடும். பிடிக்கு அடியில் கம்பில் மாஸ்கிங் டேப் சுற்றியிருந்தால் அதிர்ஷ்டம், பசையோடு உரிந்து வரும். புதுப் பிடி ஒட்டுமுன் 220 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும்.