பிறேக்கர் ஆணியை இறுக்க டோர்க் ஸ்குறூ டிரைவர் தேவையா? என் அனுபவம்

கொக்குவிலில் ஒரு வீடு. கிணற்று மோட்டர் சற்று நேரம் ஓடியதும் பிறேக்கர் விழுந்து மின்சாரம் நின்றுவிடும். மோட்டரை மாற்றச் சொல்லிவிட்டு ஒருவர் போயிருந்தார். மெயினை நிறுத்தி, மின்சாரம் இல்லை என்பதை மீற்றரில் உறுதிசெய்த பிறகு பிறேக்கர் பெட்டியைத் திறந்தேன். பிறேக்கரின் கீழ்முனையில் வயர் உறை கருகி, ஆணி தளர்ந்து கிடந்தது. தளர்ந்த இடத்தில் தடை கூடும். தடை கூடினால், மின்னோட்டம் பாயும்போது அந்த இடம் சூடாகும். அந்தச் சூடு பிறேக்கருக்குள் இருக்கும் ஈருலோகத் தகட்டை (சூடானால் வளையும், இரண்டு உலோகங்கள் ஒட்டிய தகடு) வளைத்து விழ வைத்திருக்கிறது. மோட்டரில் பழுதே இல்லை.

கருகிய வயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டினேன். சூடுபட்ட முனையை நம்பக்கூடாது என்பதால் பிறேக்கரையும் மாற்றினேன். புதியதின் பக்கவாட்டில் ஆணியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு, 2 நியூட்டன் மீற்றர் என்று அச்சிட்டிருந்தது. டோர்க் ஸ்குறூ டிரைவர் என்பது இறுக்கும் அளவை முன்கூட்டியே வைக்கக்கூடிய ஸ்குறூ டிரைவர்; அதை அந்த அளவில் வைத்து, கிளிக் சத்தம் வரும்வரை இறுக்கினேன். தொட்டி நிறையும்வரை மோட்டர் ஓடியது.

"கை பழகின ஆளுக்கு இது என்னத்துக்கு, தம்பி?" என்று வீட்டு ஐயா கேட்டார். கையின் இறுக்கம் காலையில் ஒன்று, களைத்த மாலையில் இன்னொன்று, ஐயா. கூட இறுக்கினாலும் கெடுதிதான்: மரை தேயும், வயரின் மெல்லிய இழைகள் அறும். சாதாரண லைட் சுவிட்சுக்குக் கை போதும் என்பேன். மோட்டர், ஏசி, குக்கர் பிறேக்கர்களுக்குக் கருவி கட்டாயம் வேண்டும். அப்புறம், சரியாக இறுக்கிய ஆணியை வருடாவருடம் "இன்னும் கொஞ்சம்" என்று முறுக்க வேண்டாம். செம்பு நசுங்கிக்கொண்டே போகும்.