வீட்டில் காருக்கு பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா? கொழும்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது 2025இல்தான். அதற்குள் விலைகள் போன போக்கில், கையிலுள்ள பழைய கொரோலாவையும் சன்னியையும் இன்னும் பத்து வருடம் ஓட்டிவிடுவோம் என்று முடிவெடுத்தவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிறையப் பேர். எஞ்சின் நன்றாக இருக்கும், பெயின்ட்தான் வெளிறி உரிந்து நிற்கும். கராஜில் முழுக் காருக்கும் கேட்கும் தொகையைப் பார்த்தால், ஒரு கொம்பிரசரும் ஸ்ப்ரே கன்னும் வாங்கி வீட்டிலேயே அடித்தால் என்ன என்று தோன்றும். செய்யலாம்தான். ஆனால் கன்னையும் பெயின்டையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள் காற்றைப் பற்றி யோசிப்பதே இல்லை. கெட்டுப்போன வேலைகளைப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் காற்றில்தான் கோளாறு இருக்கும்.

முதலில் நம் ஊர் ஈரப்பதம். 30 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் கொழும்பில் சர்வசாதாரணம். அந்த நிலையில் ஒரு பரப்பு ஏறக்குறைய 26 பாகைக்குக் குளிர்ந்தாலே அதில் தண்ணீர் படிந்துவிடும். தின்னர் ஆவியாகும்போது தகட்டையும் பெயின்டையும் குளிர வைக்கும். வெறும் நான்கு பாகை குளிர்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்ததும் பால் ஊற்றியதுபோல் வெள்ளை படர்வது இதனால்தான். டூ கே கிளியர், அதாவது ஹார்ட்னர் என்ற இறுக வைக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் நிறமில்லாத மேல்பூச்சு என்றால், அந்த ஹார்ட்னர் ஈரத்தோடு வினை செய்து வாயுவை உண்டாக்கும். நுண்ணிய குமிழிகள் வரும், பளபளப்பும் போய்விடும்.

இங்கே பலர் செய்யும் தவறு, 'சீக்கிரம் காயட்டும்' என்று வேகமாக ஆவியாகும் தின்னரை வாங்குவது. நமக்கு வேண்டியது மெதுவாக ஆவியாகும் தின்னர். கடையில் வெப்பநிலையைச் சொல்லிக் கேளுங்கள். நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. ஜனவரிக் கடைசியும் பெப்ரவரியும்தான் நல்ல காலம். அதிலும் வெயில் ஏறிய காலைப் பொழுது. மாலையில் தொடங்கினால் ஈரமும் கூடும், விளக்கைத் தேடி வரும் பூச்சிகளும் கிளியரில் ஒட்டிக்கொள்ளும்.

இதே ஈரம் கொம்பிரசருக்குள்ளும் போகிறது. நிமிடத்துக்கு 300 லீற்றர் காற்றை இழுக்கும் கொம்பிரசர் நம் ஊரில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால், 300 மில்லிலீற்றருக்கு மேல் தண்ணீர் பிரியும். அதில் ஒரு துளி கன் வழியாக வந்தாலும் பானட்டில் பள்ளம் விழும். தண்ணீர் பிரிக்கும் ட்ராப்பைத் தொட்டியின் வாயிலேயே பூட்டுகிறவர்கள்தான் அதிகம். அங்கே காற்று இன்னும் சூடாக இருப்பதால் நீராவி அப்படியே கடந்து போய்விடும். சில மீற்றர் உலோகக் குழாயில் காற்றை ஓட விட்டு ஆற வைத்து, அதற்குப் பிறகு ட்ராப்பைப் பூட்டுங்கள். ஒவ்வொரு முறை தொடங்கும் முன்பும் தொட்டியின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள்.

பூத் (பெயின்ட் அடிக்கும் மூடிய கூடாரம்) என்று பிவிசி குழாயில் சட்டம் கட்டிப் பொலித்தீன் போர்த்துவது எளிது. காற்றோட்டம்தான் கடினம். 3 மீற்றர் அகலமும் 2.4 மீற்றர் உயரமும் உள்ள பூத்தில், தொழில்முறை பூத்களில் எதிர்பார்க்கும் வினாடிக்கு அரை மீற்றர் வேகத்தில் காற்று நகர வேண்டுமானால், வினாடிக்கு 3.6 கன மீற்றர் காற்றை இழுக்க வேண்டும். சமையலறை எக்ஸோஸ்ட் ஃபேன் இதன் பக்கத்தில்கூட வராது. அதைவிடப் பெரிய ஆபத்து அந்த ஃபேனின் மோட்டார். தின்னர் ஆவி தீப்பற்றக்கூடியது, காற்றைவிடப் பாரமானது, தரையோடு படரும். அந்த ஆவி ஓடும் பாதையில் சாதாரண மோட்டாரை வைப்பது நெருப்புக்குப் பக்கத்தில் பெற்றோல் வைப்பதற்குச் சமம். மோட்டார் காற்றோட்டத்துக்கு வெளியே இருந்து பெல்ட்டால் சுழற்றும் ஃபேன், அல்லது வெடிப்புத் தடுப்பு மோட்டார் உள்ள ஃபேன் வேண்டும். விளக்குகளைப் பொலித்தீனுக்கு வெளியே சற்றுத் தள்ளி வைத்து உள்ளே ஒளி விழச் செய்யுங்கள். சமையலறை பக்கத்தில் இருந்தால் கேஸ் அடுப்பையும் மூடுங்கள். உள்ளே வரும் காற்றுக்கு ஃபில்டர் போட்ட வாசல் பெரிதாக இருக்கட்டும். சிறிதாக இருந்தால் ஃபேன் இழுக்கும் இழுப்பில் பொலித்தீன் உள்வாங்கி ஈர பெயின்டில் ஒட்டும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது மூச்சு. டூ கே பெயின்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. பெயின்டர்களுக்கு வரும் ஆஸ்துமாவுக்கு அது ஒரு முக்கியக் காரணம். அபாயமான அளவில் காற்றில் கலந்திருந்தாலும் மூக்கு எச்சரிக்காது. ஒருமுறை உடல் அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைத் தூண்டும், அந்த நிலை பெரும்பாலும் மாறுவதில்லை. துணி மாஸ்க், சத்திரசிகிச்சை மாஸ்க் இரண்டும் இங்கே பயனற்றவை. கரி ஃபில்டர் மாஸ்க் தின்னர் ஆவிக்கு உதவும், ஆனால் ஃபில்டர் தீர்ந்துபோய் ஐசோசயனேட் உள்ளே வருவது வாசனையில் தெரியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடிதான் சரியானது. பெயின்ட் அடிக்கும் கொம்பிரசரிலிருந்தே அந்தக் காற்றை எடுக்காதீர்கள், அதில் எண்ணெய்ப் புகையும் கார்பன் மொனொக்சைட்டும் வரலாம். இது கைவசம் இல்லையென்றால், டூ கே அல்லாத பிரைமர் (அடிப்பூச்சு) வரை வீட்டில் செய்து, டூ கே வேலையைக் கராஜுக்குக் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் உறுதியான அபிப்பிராயம். கேனில் வரும் டூ கே கிளியருக்கும் இதே கதைதான். மேல் மாடியில் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீடுகளில் இதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

அப்புறம் தகட்டு வேலை. கடலோரத்தில் நிற்கும் காரை, அதாவது தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கார்களை, தேய்க்கத் தொடங்கும் முன் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். உப்பு பெயின்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும். டயர் பளபளப்புக்கும் டாஷ்போர்டுக்கும் போடும் சிலிக்கோன் பொலிஷ் பட்ட இடத்தில் பெயின்ட் வட்டம் வட்டமாக விலகும். எனவே முதலில் மெழுகு நீக்கியால் துடைத்துவிட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்த பிறகு துடைத்தால் சிலிக்கோன் கீறல்களுக்குள் இறங்கியிருக்கும்.

பள்ளம் நிரப்பப் பூசும் பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நம் கராஜ்களிலும் காணும் பழக்கம். பட்டி ஸ்பொஞ்ச் மாதிரி தண்ணீரை உறிஞ்சும். அன்று நன்றாகத்தான் தெரியும், வெயில் பட்டதும் கொப்புளிக்கும். பட்டியை உலர்வாகவே தேய்த்து, பிரைமர் அடித்த பிறகு தண்ணீர் விடுங்கள். தேய்க்கும் தாளின் இலக்கம் பட்டிக்கு 80, 120இல் தொடங்கி 240 வரை, பிரைமருக்கு 400, பேஸ் கோட்டுக்கு (நிறப்பூச்சுக்கு) முன் 600 போதும். கண்ணாடிகளைப் பத்திரிகைத் தாளால் மூடாதீர்கள், தின்னர் ஊறி மை இறங்கும். கன்னை 15 முதல் 20 சென்டிமீற்றர் தூரத்தில், தகட்டுக்கு நேராகப் பிடித்து நகர்த்துங்கள். கோட்டுக்குக் கோட்டு பத்து, பதினைந்து நிமிடமாவது விடுங்கள்.

மதிலுக்கு மதில் வீடுகள் ஒட்டிக்கிடக்கும் ஊர் இது. அயலவரின் காரிலும் காயப்போட்ட துணியிலும் பெயின்ட் தூசி படிந்தால் சச்சரவுதான், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மற்றவர்களின் வாகனங்களுக்கும் அடித்துத் தொழிலாகவே செய்ய நினைத்தால், சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். மிஞ்சிய தின்னரைக் கானில் ஊற்ற வேண்டாம். மூடியுள்ள தகர டின்னில் வைத்தால் பெயின்ட் அடியில் படியும், மேலே தெளிந்ததைக் கன் கழுவ எடுக்கலாம்.

நிறத்தையே மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுச் சான்றிதழைத் திருத்த வேண்டிவரும். பழைய நிறத்தையே அடிப்பதாக இருந்தால் கதவுத் தூணிலோ பானட்டின் கீழோ உள்ள தகட்டில் நிற இலக்கம் இருக்கும். ஆனால் வருடக்கணக்கில் வெயிலில் நின்ற கார் அந்த இலக்கத்தின் நிறத்தில் இப்போது இருக்காது. ஓர் அட்டையில் அடித்து, கிளியரும் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் கார் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கலக்குங்கள்.