பொதுச் சேமிப்பகத்தில் தரவுத்தளக் கோப்புகளைப் பிரித்து வைக்கும் முறை

தண்டையார்பேட்டையில் துறைமுகக் கன்டெய்னர்களுக்குக் கணக்கு வைக்கும் ஓர் அலுவலகத்தில், கப்பல் வந்த நாட்களிலெல்லாம் தரவுத்தளம் திணறியது. சர்வரில் குறையில்லை, தரவுக் கோப்பு, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் லாக் கோப்பு, பேக்கப் மூன்றும் பல சர்வர்கள் பகிரும் பொதுச் சேமிப்பகத்தின் ஒரே டிஸ்க் குழுவில் கிடந்தன.

முதலில், உங்களுக்கு ஒதுக்கப்பட்ட லன்கள் (சேமிப்பகம் சர்வருக்கு ஒரு டிரைவாகக் காட்டும் பகுதிகள்) எந்தெந்த டிஸ்க் குழுவைச் சேர்ந்தவை என்று சேமிப்பகத்தை நிர்வகிப்பவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். இதையே முக்கியமான படி என்பேன். ஏனெனில் சர்வரில் தனித்தனி டிரைவாகத் தெரியும் இரண்டு லன்கள் உள்ளே ஒரே டிஸ்க்குகளைப் பகிர்ந்தால், கோப்புகளைப் பிரித்தும் வேகம் கூடாது. லாக் கோப்பு வரிசையாக எழுதப்படுகிறது, தரவுக் கோப்போ பெரும்பாலும் அங்குமிங்கும் தாவிப் படிக்கப்படுகிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க்கில் உரிய இடம் சுழன்று வருவதற்கே சராசரியாக 4 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும் என்பதால், இரண்டையும் கலந்தால் லாக் எழுதுவதும் அந்தத் தாவல்களில் சிக்கிக்கொள்ளும். ஆகவே லாக்குக்குத் தனி டிஸ்க் குழுவைக் கேளுங்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு முறைகளில், சிறு அளவில் எழுதும் ஒவ்வொரு முறையும் ரெய்டு 5 பொதுவாக 4 டிஸ்க் செயல்களைச் செய்யும், ரெய்டு 10 இரண்டே செய்யும். பின்னதே இதற்கு ஏற்றது.

உங்கள் தரவுத்தளம் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் என்றால், அது தற்காலிக வேலைக்குப் பயன்படுத்தும் டெம்ப்டிபியையும் பிரித்து, தரவு டிரைவை 64 கேபி அலகில் ஃபார்மேட் செய்யுங்கள். பேக்கப்பை வேறு சேமிப்பகத்துக்கே அனுப்புங்கள். இந்தப் பெட்டி பழுதாகும் நாளில் மிஞ்ச வேண்டியது அதுதான்.

மாற்றத்துக்கு முன்பும் பின்பும், வேலை மும்முரமான அதே நேரத்தில், படிக்கும் தாமதத்தையும் எழுதும் தாமதத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். லினக்ஸில் டிஸ்க் தாமதத்தைக் காட்டும் ஐஓஸ்டாட் (iostat) கட்டளையே போதும்.