ரிப்போர்ட்டட் ஸ்பீச்: ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

"நாளைக்கு வரேன்னு சொன்னான்", "கதவைச் சாத்தச் சொன்னாங்க", "பூட்டினியான்னு கேட்டார்". ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சொல்வது நாம் நாள் முழுக்கச் செய்கிற வேலை, தமிழில் இதற்கு யோசிக்கவே மாட்டோம். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் ரிப்போர்ட்டட் ஸ்பீச். பள்ளியில் இன்டைரக்ட் ஸ்பீச் என்று படித்திருப்பீர்கள், இரண்டும் ஒன்றுதான். நம் இலக்கணத்தில் நேர்க்கூற்று, அயற்கூற்று என்று சொல்வோமே, அதில் அயற்கூற்று.

இதைப் பெரும்பாலும் ஒரு நீளமான அட்டவணையாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இது வந்தால் அதைப் போடு, அது வந்தால் இதைப் போடு என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிவிடலாம், ஆனால் பேசும்போது அட்டவணை கைகொடுக்காது. நான் இதை ஒரே கேள்வியாகப் பார்க்கச் சொல்வேன்: சொன்னவர் அவருடைய இடத்தில், அவருடைய நேரத்தில் நின்று சொன்னார், நீங்கள் இப்போது எங்கே எப்போது நிற்கிறீர்கள்? யார், எப்போது, எங்கே என்ற மூன்றையும் உங்கள் பக்கத்திலிருந்து பார்த்துச் சொன்னால் பாதி விதிகள் தானாக வந்து விழும்.

ஆங்கில வாக்கியங்களை எல்லாம் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கண்ணால் மட்டும் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இது எழுத்தைவிடப் பேச்சில்தான் அதிகம் தேவைப்படுகிற இலக்கணம்.

படி 1: 'என்று' செய்யும் குழப்பத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

"நான் வருகிறேன் என்று அவன் சொன்னான்." இதில் நான் என்பது யார்? அவன்தான். தமிழில் ஒருவர் பேசியதை அப்படியே வைத்துப் பின்னால் 'என்று' சேர்த்தால் போதும், கேட்பவருக்குக் குழப்பம் வராது. இதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் "ஹி செட் தட் ஐ ஆம் கமிங்" என்று சொன்னால் கதையே மாறிவிடும். ஆங்கிலம் கேட்பவர் காதில் அந்த 'ஐ' நீங்கள்தான். அவன் வருகிறான் என்று நீங்கள் சொல்ல நினைத்தது, நீங்கள் வருவதாக அவன் சொன்னான் என்று போய்ச் சேரும்.

தப்பிக்க ஒரு வழி தமிழிலேயே இருக்கிறது. "தான் வருவதாக அவன் சொன்னான்" என்றும் நாம் சொல்வோம் இல்லையா? ஆங்கிலம் கேட்பது கிட்டத்தட்ட இந்த அமைப்பைத்தான். அதனால் தொடக்கத்தில் கொஞ்ச நாளைக்கு, மனதில் 'என்று' வந்தால் அதை முதலில் 'ஆக' வடிவத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் ஆங்கிலத்துக்குப் போங்கள். வருவதாகச் சொன்னான், வந்ததாகச் சொன்னான், வர முடியாது என்பதற்குப் பதில் வர இயலாததாகச் சொன்னான். இப்படி யோசித்தாலே 'நான்' காணாமல் போய், 'ஐ' இருந்த இடத்தில் 'ஹி' வந்து உட்கார்ந்துவிடும்.

படி 2: செட், டோல்ட் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள்

டோல்ட் வந்தால் உடனே ஓர் ஆள் வர வேண்டும்: "ஷி டோல்ட் மீ தட் ஷி வாஸ் பிஸி." செட் வந்தால் ஆள் தேவையில்லை, நேராக விஷயத்துக்குப் போகலாம்: "ஷி செட் தட் ஷி வாஸ் பிஸி." தப்பான வடிவங்கள் மூன்று நம்மிடம் அடிக்கடி வரும்: "ஷி டோல்ட் தட்", "ஷி செட் மீ", "ஷி டோல்ட் டு மீ". கடைசித் தப்புக்குக் காரணம் நம்முடைய 'என்னிடம்', அந்த 'இடம்' என்பதைத்தான் 'டு' போட்டு ஈடுகட்டப் பார்க்கிறோம். டோல்ட் அதை ஏற்காது. "செட் டு மீ" சரிதான், ஆனாலும் அயற்கூற்றில் "டோல்ட் மீ" என்பதே இயல்பாக இருக்கும். தட் என்பதைப் பேச்சில் விட்டுவிடலாம், "ஷி செட் ஷி வாஸ் பிஸி" முழுக்கச் சரியான வாக்கியம்.

படி 3: வினையை ஒரு படி பின்னால் நகர்த்துங்கள்

நமக்கு மிகவும் புதிதாக இருப்பது இதுதான், ஏனென்றால் தமிழில் இது கிடையாது. "பிஸியாக இருப்பதாகச் சொன்னாள்" என்கிறோம், இருப்பது இருப்பதாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் செட் என்பது இறந்தகாலம், அவள் அதைச் சொன்ன நேரம் கடந்துபோய்விட்டது, அதனால் அவள் சொன்ன விஷயத்தையும் கடந்த நேரத்தோடு சேர்த்தே பார்க்கிறார்கள். "ஐ ஆம் பிஸி" என்றாள், நீங்கள் சொல்வது "ஷி செட் ஷி வாஸ் பிஸி".

அதே போக்கில் மற்றவையும் நகரும். "ஐ லைக் திஸ் கலர்" என்றது "ஹி செட் ஹி லைக்ட் தட் கலர்" ஆகும். "ஐ ஆம் ரீடிங்" என்றது "ஷி செட் ஷி வாஸ் ரீடிங்". ஹேவ், ஹேஸ் இரண்டும் ஹேட் ஆகும்: "ஐ ஹேவ் ஃபினிஷ்ட்" என்றவரைப் பற்றி "ஹி செட் ஹி ஹேட் ஃபினிஷ்ட்" என்போம். வில் என்பது வுட், கேன் என்பது குட், மே என்பது மைட். வுட், குட், ஷுட், மைட் ஆகியவை ஏற்கெனவே பின்னால் நிற்பவை, அவற்றைத் தொட வேண்டாம். மஸ்ட் என்பது கட்டாயத்தைச் சொன்னால் ஹேட் டு ஆகலாம், "அவன் களைப்பாகத்தான் இருக்க வேண்டும்" என்பது போல ஊகமாக இருந்தால் மஸ்ட் அப்படியே இருக்கும்.

சொன்னவரே இறந்தகாலத்தில் சொல்லியிருந்தால்? "ஐ லாஸ்ட் த கீ" என்றார். விதிப்படி "ஹி செட் ஹி ஹேட் லாஸ்ட் த கீ". பேச்சில் "ஹி செட் ஹி லாஸ்ட் த கீ" என்று விட்டுவிடுவதும் சாதாரணம், எது முன்னால் நடந்தது என்பதில் சந்தேகம் வராதவரை அது சரியே. பரீட்சை என்றால் ஹேட் போட்டுவிடுங்கள்.

நகர்த்தாமல் விடும் இடங்களும் உண்டு. போனில் இப்போது வந்த செய்தியைப் படித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறீர்கள் என்றால் "ஷி செஸ் ஷி இஸ் பிஸி". செஸ் என்பது நிகழ்காலம், அதனால் எதையும் நகர்த்த வேண்டாம். இன்னொன்று, சொன்ன விஷயம் இன்னும் உண்மையாகவே இருக்கிறது. பாடப்புத்தகம் இதற்குப் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற உதாரணத்தோடு நிறுத்திவிடும், எனக்கு அது போதவில்லை. "த லிஃப்ட் இஸ் நாட் ஒர்க்கிங்" என்று ஒருவர் காலையில் சொன்னார், மதியம் நீங்கள் வேறொருவரிடம் சொல்கிறீர்கள். "ஹி செட் த லிஃப்ட் இஸ் நாட் ஒர்க்கிங்", "ஹி செட் த லிஃப்ட் வாஸ் நாட் ஒர்க்கிங்" இரண்டுமே சரி. இஸ் போட்டால் லிஃப்ட் இன்னும் ஓடவில்லை என்று நீங்களும் நம்பிச் சொல்வதாக ஆகும். வாஸ் போட்டால் காலையில் அவர் சொன்னது அது, இப்போது நிலைமை என்ன என்பதற்கு நீங்கள் பொறுப்பேற்கவில்லை. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் காலம் மாற்றுவது வெறும் இலக்கண வேலையாகத் தெரியாது. சந்தேகமாக இருந்தால் நகர்த்திவிடுங்கள், பெரும்பாலும் தப்பாகாது.

படி 4: நாளைக்கு என்றால் எந்த நாளை?

டுமாரோ வந்தால் த நெக்ஸ்ட் டே, யெஸ்டர்டே வந்தால் த டே பிஃபோர், டுடே வந்தால் தட் டே, நௌ வந்தால் தென், ஹியர் வந்தால் தேர், அகோ வந்தால் பிஃபோர். இந்த ஜோடிகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியதுதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது.

திங்கள்கிழமை உங்கள் தோழி சொல்கிறாள்: "ஐ வில் கால் யூ டுமாரோ." அதே திங்கள்கிழமை மாலையில் நீங்கள் இதை யாரிடமாவது சொன்னால், அவளுடைய நாளையும் உங்களுடைய நாளையும் ஒரே செவ்வாய்தான். எனவே "ஷி செட் ஷி வுட் கால் மீ டுமாரோ". செவ்வாய்க்கிழமை காலையில் சொன்னால் அந்த நாளை இன்றைக்கே வந்துவிட்டது, "ஷி செட் ஷி வுட் கால் மீ டுடே". போன் வராமலே போய், வெள்ளிக்கிழமை குறைபட்டுக்கொள்கிறீர்கள் என்றால் "ஷி செட் ஷி வுட் கால் மீ த நெக்ஸ்ட் டே", அல்லது இன்னும் தெளிவாக "ஆன் டியூஸ்டே". வாக்கியம் ஒன்றுதான், நீங்கள் நிற்கும் நாள் மாற மாற அந்த ஒரு சொல் மட்டும் மாறுகிறது. திஸ், ஹியர் போன்றவையும் இப்படித்தான். அவர் சொன்ன இடத்திலேயே நீங்களும் இருந்தால் ஹியர் என்பதை எதற்கு மாற்ற வேண்டும்?

படி 5: கேள்வியைக் கேள்வியாக விடாதீர்கள்

அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

"வேர் டூ யூ ஒர்க்?" என்று ஒருத்தி உங்களிடம் கேட்டாள். அதை நீங்கள் சொல்லும்போது அது கேள்வி இல்லை, ஒரு செய்தி. ஆகவே கேள்விக்குறி போய்விடும், கேள்விக்காக வந்த டூ போய்விடும், சொற்கள் சாதாரண வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்பிவிடும்: "ஷி ஆஸ்க்ட் மீ வேர் ஐ ஒர்க்ட்." "வேர் டிட் ஐ ஒர்க்" என்று சொல்லிவிடத்தான் நாக்கு இழுக்கும். அதேபோல் "வேர் இஸ் த கீ?" என்றது "ஹி ஆஸ்க்ட் மீ வேர் த கீ வாஸ்" ஆகும், வாஸ் கடைசிக்குப் போவதைக் கவனியுங்கள். "ஹூ ப்ரோக் த கிளாஸ்?" போல ஹூ என்பதே எழுவாயாக இருந்தால் வரிசை மாற்ற எதுவும் இல்லை: "ஹி ஆஸ்க்ட் ஹூ ஹேட் ப்ரோக்கன் த கிளாஸ்."

ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வி என்றால் நடுவில் இஃப் அல்லது வெதர் வேண்டும். "பூட்டினாயா என்று கேட்டார்" என்பதில் வினையின் கடைசியில் ஒட்டியிருக்கிற 'ஆ' இருக்கிறதே, அது ஆங்கிலத்தில் இஃப் ஆகி முன்னால் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "டிட் யூ லாக் த டோர்?" என்றார், "ஹி ஆஸ்க்ட் மீ இஃப் ஐ ஹேட் லாக்ட் த டோர்".

இந்த இடத்திலும் 'என்று' நம்மை விடாது, "ஷி ஆஸ்க்ட் தட் வேர் ஐ ஒர்க்ட்" என்று ஒரு தட்டைச் செருகப் பார்ப்போம். ஆஸ்க்ட் வந்து, பின்னால் கேள்விச் சொல்லோ இஃபோ வந்தால் தட் கூடாது. "ஆஸ்க்ட் டு மீ" என்பதும் கூடாது, "ஆஸ்க்ட் மீ" போதும்.

"டூ யூ நோ வேர் ஹி இஸ்?" என்று கேட்கும்போதும் இதே சொல்வரிசைதான் வருகிறது. இதைப் பழகினால் அதுவும் சேர்ந்தே சரியாகிவிடும்.

படி 6: கட்டளை, வேண்டுகோள், யோசனை

இது சுலபம். "சாத்தச் சொன்னார்" என்பதில் இருப்பதுபோல வினை அப்படியே டு போட்டு வரும், காலம் மாற்றும் வேலையே இல்லை. "க்ளோஸ் த டோர்" என்றது "ஹி டோல்ட் மீ டு க்ளோஸ் த டோர்". வேண்டாம் என்று சொன்னால் நாட் என்பது டு-வுக்கு முன்னால்: "ஹி டோல்ட் மீ நாட் டு க்ளோஸ் த டோர்." ப்ளீஸ் போட்டுக் கேட்டிருந்தால் ப்ளீஸை விட்டுவிட்டு டோல்டுக்குப் பதில் ஆஸ்க்ட் போடுங்கள், அந்த மரியாதை அதிலேயே வந்துவிடும்.

சஜஸ்ட் என்ற சொல்லில் மட்டும் கவனம். "லெட்ஸ் வாக்" என்று ஒருவர் சொன்னால் "ஹி சஜஸ்டெட் வாக்கிங்" அல்லது "ஹி சஜஸ்டெட் தட் வி ஷுட் வாக்". "சஜஸ்டெட் டு வாக்" தப்பு. ப்ராமிஸ், ரெஃப்யூஸ், ஆஃபர் ஆகியவற்றுக்கு டு வரும், அட்மிட், டினை இரண்டுக்கும் இங் வரும். "ஐ டிட்ன்ட் டேக் இட்" என்று ஒருவர் மறுத்தால் "ஹி டினைட் டேக்கிங் இட்" என்று நான்கே சொல்லில் முடித்துவிடலாம். எல்லாவற்றுக்கும் செட், செட் என்று போட்டுக்கொண்டிருப்பதைவிட இந்தச் சொற்கள் எவ்வளவோ மேல்.

படி 7: முழு உரையாடல் ஒன்றை மாற்றிப் பார்ப்போம்

டாக்டர்: "ஹவ் டூ யூ ஃபீல் நௌ?"
நீங்கள்: "ஐ ஸ்டில் ஹேவ் எ ஹெடேக்."
டாக்டர்: "டிட் யூ டேக் த டேப்லெட்ஸ்?"
நீங்கள்: "யெஸ், பட் ஐ காண்ட் ஸ்லீப்."
டாக்டர்: "டோன்ட் லுக் அட் யுவர் ஃபோன் அட் நைட். கம் பேக் ஆன் மண்டே."

வீட்டில் கேட்கிறார்கள், என்ன சொன்னார் டாக்டர் என்று. "த டாக்டர் ஆஸ்க்ட் மீ ஹவ் ஐ ஃபெல்ட். ஐ செட் ஐ ஸ்டில் ஹேட் எ ஹெடேக். ஷி ஆஸ்க்ட் இஃப் ஐ ஹேட் டேக்கன் த டேப்லெட்ஸ். ஐ டோல்ட் ஹர் ஐ ஹேட், பட் ஐ குட்ன்ட் ஸ்லீப். ஷி டோல்ட் மீ நாட் டு லுக் அட் மை ஃபோன் அட் நைட் அண்ட் டு கம் பேக் ஆன் மண்டே."

யெஸ் என்ற சொல் எங்கே போனது பார்த்தீர்களா? "ஐ ஹேட்" என்பதற்குள் போய்விட்டது. நௌ என்பதை நான் தென் ஆக்காமல் விட்டுவிட்டேன், சேர்த்தாலும் தப்பில்லை, ஆனால் அது இல்லாமலே பொருள் நிற்கிறது. மண்டே மாறவில்லை, ஏனென்றால் அந்தத் திங்கள்கிழமை டாக்டருக்கும் உங்களுக்கும் ஒன்றுதான்.

இப்போது உங்கள் முறை

இந்த நான்கையும் ஒரு வாரம் முன்னால் உங்களிடம் வேறு வேறு ஆட்கள் சொன்னதாக வைத்துக்கொண்டு மாற்றுங்கள், விடையைப் பிறகு பாருங்கள்.

"கேன் யூ ஸ்விம்?" ஒருவன் கேட்டது.
"வி ஆர் லீவிங் டுமாரோ." நண்பர்கள் சொன்னது.
"டோன்ட் பி லேட்." ஒருத்தி சொன்னது.
"வென் டிட் யூ பை த பேக்?" ஒருத்தி கேட்டது.

முதலாவது "ஹி ஆஸ்க்ட் மீ இஃப் ஐ குட் ஸ்விம்". இரண்டாவது "தே செட் தே வெர் லீவிங் த நெக்ஸ்ட் டே", ஒரு வாரம் ஆகிவிட்டதால் டுமாரோ நிற்காது. மூன்றாவது "ஷி டோல்ட் மீ நாட் டு பி லேட்". நான்காவதில் "வென் டிட் ஐ பை" என்று எழுதியிருந்தால் ஐந்தாம் படியை இன்னொரு முறை படியுங்கள், விடை "ஷி ஆஸ்க்ட் மீ வென் ஐ ஹேட் பாட் த பேக்".